செக்மென்ட் அறிக்கை விதிகள் மாறும்போது யார் என்ன சொல்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில், வரி விளக்கமும் பணியாளர் நலக் குறிப்பும் முடிந்த பிறகு, ஒரு சின்ன அட்டவணை வரும். கம்பெனியின் ஒவ்வொரு தொழிலும் எவ்வளவு விற்றது, எவ்வளவு சம்பாதித்தது என்று பிரித்துக் காட்டும் அட்டவணை. செக்மென்ட் நோட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலில் ஆடிட் பக்கமும் பிறகு கம்பெனி பக்கமும் உட்கார்ந்து பதினெட்டு வருடமாக இதைத் தயாரித்தும் சரிபார்த்தும் வருகிறேன். ஆர்டிகிள்ஷிப் என்ற பட்டயக் கணக்காளர் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளும் பங்கு வாங்கும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மொத்த லாபம்தான் தெரிகிறதே, பிரித்து எதற்குப் பார்க்க வேண்டும்?

ஒரு வழக்கைச் சொன்னால் போதும். அமெரிக்காவில் கென்வொர்த், பீட்டர்பில்ட் லாரிகளைத் தயாரிக்கும் நிறுவனம் பாக்கார். 2009ஆம் ஆண்டுக்கு அது தன் லாரி செக்மென்டில் வரிக்கு முந்தைய லாபமாக 6.8 கோடி டாலர் காட்டியது. உலகப் பொருளாதாரமே சரிந்து கிடந்த வருடத்தில் லாரி விற்று லாபமா, கெட்டிக்காரக் கம்பெனிதான் என்று தோன்றும். ஆனால் நிர்வாகம் உள்ளே பார்த்த கணக்கு வேறு. லாரி விற்பனையில் 47.4 கோடி டாலர் நட்டம். உதிரிபாக விற்பனையில் 54.2 கோடி டாலர் லாபம். இரண்டையும் கூட்டி ஒரே வரியில் எழுதியபோது நட்டம் கண்ணில் படாமல் போனது. உதிரிபாகத் தொழிலைத் தனியாகக் காட்டாதது உள்ளிட்ட குறைகளுக்காகப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்இசி 2013இல் நடவடிக்கை எடுத்தது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2.25 லட்சம் டாலர் அபராதம் கட்டி நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

அந்த 6.8 கோடி கூட்டல் கணக்கில் சரியான எண்தான். அதை நம்பிப் பங்கு வாங்கியவருக்கு எந்தத் தொழிலை வாங்கினோம் என்றே தெரியாது. செக்மென்ட் விதிகள் எல்லாம் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

விதி அப்படி என்ன மாறியது?

பழைய முறையில் விதியே கோடு போட்டுத் தந்தது. சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 14, ஒரே மாதிரி அபாயமும் ஆதாயமும் உள்ள பொருள்களைச் சேர்த்து ஒரு செக்மென்ட், நாடுவாரியாக இன்னொரு பிரிப்பு, எண்களைக் கணக்கியல் விதிப்படியே போட வேண்டும் என்றது. இந்தியாவில் 2001 முதல் இருந்த ஏஎஸ் 17உம் இதே வார்ப்பு.

அமெரிக்கா 1997இல் வேறு பாதையில் போனது. அதன் நிதிக் கணக்கியல் தர வாரியமான ஃபாஸ்பி கொண்டுவந்த 131ஆம் எண் தரம், நிர்வாகம் உள்ளே தொழிலை எப்படிப் பிரித்துப் பார்க்கிறதோ அப்படியே வெளியிலும் காட்டு என்றது. சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 2006 நவம்பரில் அதை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஐஎஃப்ஆர்எஸ் 8 ஆக வெளியிட்டது. 2009 ஜனவரி 1 முதல் நடைமுறை. நம் நாட்டில் 2016 ஏப்ரல் முதல் படிப்படியாக வந்த இன்ட் ஏஎஸ் 108 அதன் பிள்ளை. இலங்கையில் எஸ்எல்எஃப்ஆர்எஸ் 8.

சி.ஓ.டி.எம். என்கிறார்களே, யார் அது?

சீஃப் ஆப்பரேட்டிங் டிசிஷன் மேக்கர் என்பதன் சுருக்கம். எந்தத் தொழிலுக்குப் பணம் ஒதுக்குவது, எது நன்றாக நடக்கிறது என்று முடிவு செய்பவர். பெரும்பாலும் தலைமைச் செயல் அதிகாரி, சில இடங்களில் ஒரு குழு. இது ஒரு பதவியின் பெயரல்ல, ஒரு வேலையின் பெயர். அவர் மேசைக்கு மாதாமாதம் எந்த ஃபைல் போகிறதோ, அதில் எப்படிப் பிரித்திருக்கிறதோ, அதுதான் செக்மென்டின் தொடக்கம். பிறகு 10 சதவீதக் கணக்கு. வருமானத்திலோ, லாப நட்டத்திலோ, சொத்திலோ பத்தில் ஒரு பங்கைத் தொட்டால் தனியாகக் காட்ட வேண்டும். காட்டிய செக்மென்டுகளின் வெளி விற்பனை மொத்தத்தில் 75 சதவீதமாவது வர வேண்டும்.

கம்பெனி சொல்வதை அப்படியே ஏற்பதா? யாரும் எதிர்க்கவில்லையா?

சர்வதேச வாரியத்துக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. ஜெலார், லைசன்ரிங் என்ற இரண்டு உறுப்பினர்கள் ஐஎஃப்ஆர்எஸ் 8ஐ ஏற்காமல் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள். செக்மென்ட் லாபம் என்றால் என்ன என்று தரம் வரையறுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். லாபத்தை ஒரு மாதிரியும் சொத்தை இன்னொரு மாதிரியும் பிரித்தால்கூட விதி தடுக்கவில்லை என்றும் சொன்னார்கள். இன்று ஒரு கம்பெனி செக்மென்ட் லாபத்தைத் தேய்மானத்துக்கு முன்னும், பக்கத்துக் கம்பெனி தேய்மானத்துக்குப் பின்னும் காட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இருவர் நினைவு வரும்.

ஐரோப்பாவில் சண்டை இன்னும் பெரிது. அமெரிக்கத் தரத்தைப் பாதிப்பு ஆராயாமல் எங்கள் சட்டத்துக்குள் கொண்டுவருகிறீர்களே என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் கேட்டது. நாடுவாரியான லாபம் மறைந்துவிடும் என்ற கவலையும் கூடவே இருந்தது. கடைசியில் 2007 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

மூன்றாவது குரல் சுரங்கம் தோண்டப்படும் ஏழை நாடுகளின் பக்கம் நின்றது. எண்ணெய், கனிம நிறுவனங்கள் எந்த நாட்டு அரசுக்கு எவ்வளவு கட்டுகின்றன என்பதை நாடுவாரியாகக் காட்டச் சொல்லுங்கள் என்று 'பப்ளிஷ் வாட் யூ பே' இயக்கம் வாரியத்திடம் கேட்டது. வாரியம் அதை இந்தத் தரத்தில் சேர்க்கவில்லை. கணக்கியல் விதி முதலீட்டாளருக்கு மட்டுமா, அந்தக் கம்பெனி தோண்டிய மண்ணில் வாழ்பவர்களுக்குமா என்ற கேள்வி அது. பட்டயக் கணக்காளர் வகுப்புகளில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அமலுக்கு வந்த பிறகு வாரியம் திரும்பிப் பார்த்ததா?

பார்த்தது. ஒரு தரம் நடைமுறைக்கு வந்தபின் எப்படி வேலை செய்கிறது என்று வாரியம் முறையாக ஆராய்ந்தது முதன்முதலில் இந்தத் தரத்தைத்தான். 2012இல் தொடங்கி 2013இல் முடிவை வெளியிட்டது. கணக்குத் தயாரிப்பவர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் பெரும்பாலும் திருப்தி. முதலீட்டாளர்கள்தான் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

முதலீட்டாளர்களுக்குள் என்ன பிளவு?

ஒரு தரப்புக்கு நிர்வாகத்தின் கண் வழியே பார்ப்பது பிடித்திருக்கிறது. தொழிலை நடத்துபவர் பார்க்கும் அதே பிரிப்பு, நிர்வாக விளக்கவுரையில் பேசும் அதே பெயர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதன் பலனுக்கு அமேசான் நல்ல சாட்சி. 2015 ஏப்ரலில் அது தன் கிளவுட் தொழிலை முதல்முறையாகத் தனி செக்மென்டாகக் காட்டியது. அந்தக் காலாண்டில் 157 கோடி டாலர் வருமானம், 26.5 கோடி டாலர் இயக்க லாபம். அதுவரை அது லாபம் தருகிறதா என்பதே வெளியாருக்கு ஊகம். மறுநாள் பங்கு சுமார் 14 சதவீதம் ஏறியது. அன்று கம்பெனியில் எதுவும் மாறிவிடவில்லை, உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது.

இன்னொரு தரப்புக்கு நம்பிக்கை இல்லை. மோசமாக நடக்கும் தொழிலை நல்ல தொழிலோடு சேர்த்துவிடுவார்கள், நிர்வாகம் அமைப்பை மாற்றும்போதெல்லாம் செக்மென்டும் மாறி ஐந்து வருடப் போக்கு அறுந்துபோகும் என்கிறார்கள். இந்த இரண்டாவது குறையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரு வருட எண்ணை வைத்துக்கொண்டு யாரும் தொழிலை மதிப்பிட முடியாது. மாற்றினால் முந்தைய வருடத்தையும் புதிய பிரிப்பில் திருத்திக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் தகவல் கைவசம் இல்லை, தயாரிக்கச் செலவு மிக அதிகம் என்றால் விலக்கு உண்டு. திருத்தினாலும் ஒப்பீட்டுக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வருடம்தான்.

நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு ரிலையன்ஸ். 2020 டிசம்பர் காலாண்டிலிருந்து சுத்திகரிப்பையும் பெட்ரோ கெமிக்கலையும் சேர்த்து எண்ணெய் முதல் ரசாயனம் வரை என்று ஒரே செக்மென்டாக்கியது. அதுவரை பகுப்பாய்வாளர்கள் காலாண்டுக்குக் காலாண்டு தொடர்ந்து வந்த சுத்திகரிப்பு மார்ஜினும், அதாவது ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தால் மிஞ்சும் தொகையும், அத்தோடு நின்றது. தொழிலை ஒன்றாக நடத்துகிறோம், ஒன்றாகக் காட்டுகிறோம் என்பது விதிக்கு உட்பட்டதே. ஆனாலும் பத்து வருடமாக அந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தவருக்குக் கடைசிப் பக்கம் கிழிந்த நோட்டுதான் மிச்சம்.

ஃபோர்டு இதை வேறு மாதிரி செய்தது. 2023இல் பெட்ரோல் வண்டி, மின்வண்டி, வணிக வண்டி என்று தொழிலைப் புதிதாகப் பிரித்தபோது 2021, 2022 எண்களையும் அதே பிரிப்பில் முன்கூட்டியே வெளியிட்டது. மின்வண்டிப் பிரிவு 2023இல் 470 கோடி டாலர் நட்டம் காட்டியபோது, அது எங்கிருந்து வளர்ந்து வந்த நட்டம் என்று வாசகருக்குத் தெரிந்தது. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

கம்பெனிகள் ஏன் தயங்குகின்றன?

சொல்லும் காரணங்கள் மூன்று. போட்டியாளர் நம் மார்ஜினை, அதாவது விற்பனையில் லாபம் எத்தனை சதவீதம் என்பதை, பார்த்துவிடுவார். வாடிக்கையாளர் விலையைக் குறைக்கச் சொல்வார். எண் திரட்டச் செலவாகும்.

முதல் இரண்டும் பொய்யல்ல. ஒரே பொருளைச் செய்து நாலு பெரிய வாகனக் கம்பெனிகளுக்கு மட்டும் விற்கும் உதிரிபாகத் தயாரிப்பாளருக்கு, செக்மென்ட் மார்ஜின் வெளியே போனால் அடுத்த விலைப் பேச்சில் உண்மையாகவே அடி விழும். சிறிய நிறுவனங்களின் இந்த பயத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் எல்லா இடத்திலும் அந்த பயம்தான் காரணம் என்று நம்ப முடியாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், நிர்வாக இயக்குநருக்குப் போகும் மாதாந்திர எம்.ஐ.எஸ். (நிர்வாகத் தகவல்) ஃபைலில் ஐந்து பிரிவுகள் இருந்தன. பச்சை, மஞ்சள், சிவப்புத் தாள் ஒட்டி, ஐந்துக்கும் தனித்தனி லாப நட்டம். ஆண்டறிக்கைக்கு வந்த வரைவில் இரண்டே செக்மென்ட். மூன்று வருடமாகச் சிவப்புத் தாளிலேயே இருந்த பிரிவு பெரியதற்குள் போய் ஒளிந்திருந்தது. கேட்டால், "போட்டிக்காரன் பார்த்துடுவான் சார்" என்ற பதில். அந்தப் பிரிவின் விலைப்பட்டியல் ஊரில் ஒவ்வொரு டீலர் கடைச் சுவரிலும் தொங்கியது. இரவு பதினொன்றரை வரை அந்த ஃபைலை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். கடைசியில் மூன்றாவது செக்மென்ட் வந்தது. மற்ற இரண்டும் 10 சதவீதத்தைத் தொடவில்லை, அவற்றைச் சேர்த்ததில் தவறில்லை.

ஆடிட்டர்கள் எதில் திணறுகிறார்கள்?

சி.ஓ.டி.எம். யார் என்பதிலும், எந்தப் பிரிவுகளைச் சேர்க்கலாம் என்பதிலும். பொருளின் தன்மை, தயாரிப்பு முறை, வாடிக்கையாளர், விநியோக வழி எல்லாம் ஒத்து, நீண்டகால மார்ஜினும் ஒத்துப்போனால்தான் சேர்க்கலாம். ஒத்துப்போவது என்றால் எவ்வளவு? 12 சதவீதமும் 14 சதவீதமும் சரி. 12உம் 19உம்? விதியில் எண் இல்லை. அதனால் சேர்த்தால் எந்த அடிப்படையில் சேர்த்தோம் என்று எழுத வேண்டும் என 2013 டிசம்பரில் ஒரு சிறு திருத்தம் வந்தது. ஆடிட்டர் கையில் அது ஒரு நல்ல பிடி. எழுத வேண்டும் என்றால் யோசித்தாக வேண்டும்.

2017இல் திருத்தம் கொண்டுவரப் பார்த்தார்களே, என்ன ஆயிற்று?

கைவிடப்பட்டது. சி.ஓ.டி.எம். யார் என்று பதவியோடு சொல்ல வேண்டும், ஆண்டறிக்கையின் முன்பக்கத்தில் ஒரு பிரிப்பும் பின்பக்கத்தில் வேறு பிரிப்பும் இருந்தால் ஏன் என்று விளக்க வேண்டும், அமைப்பு மாறினால் முந்தைய இடைக்காலங்களையும் திருத்திச் சீக்கிரமே தர வேண்டும் என்பவை முன்மொழிவுகள். கருத்துக் கேட்டபோது செலவுக்கேற்ற பலன் இல்லை என்ற பதில்கள் வந்தன. 2019இல் வாரியம் கோப்பை மூடியது. பிறகு 2022இல் அடுத்த ஐந்தாண்டு வேலைப் பட்டியல் போட்டபோது செக்மென்ட் காத்திருப்புப் பட்டியலுக்குத்தான் போனது. பேசும் சக்தி உள்ள தரப்பு கணக்குத் தயாரிக்கும் கம்பெனிகளின் தரப்பு. அவர்களுக்கு ஆள் இருக்கிறது, கடிதம் எழுத நேரம் இருக்கிறது. மேலே சொன்ன மூன்றில் கடைசியாவது நிறைவேறியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவின் 2023 மாற்றம் இவ்வளவு பேசப்படுவது ஏன்?

இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக முதலீட்டாளர்கள் கேட்ட ஒன்றை அது கொடுத்தது: செலவு. 2023 நவம்பரில் ஃபாஸ்பி வெளியிட்ட திருத்தம், சி.ஓ.டி.எம்.முக்கு வழக்கமாகப் போகும் முக்கியச் செலவுகளை செக்மென்ட் வாரியாகக் காட்டச் சொல்கிறது. 2023 டிசம்பர் 15க்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டிலிருந்து ஆண்டறிக்கையிலும், அதற்கடுத்த நிதியாண்டின் காலாண்டுகளிலிருந்து இடைக்கால அறிக்கையிலும்.

கற்பனை எண்ணில் பார்ப்போம். முன்பு ஒரு செக்மென்டுக்கு விற்பனை 1,000, லாபம் 120 என்று இரண்டு வரி. நடுவில் 880 ஓர் இருட்டறை. இப்போது மூலப்பொருள் 540, சம்பளம் 160, சரக்குக் கட்டணம் 90, 'இதர செக்மென்ட் இனங்கள்' 90, லாபம் 120. அடுத்த வருடம் லாபம் 100 ஆனால், சரக்குக் கட்டணம் 110 ஆனதால் குறைந்ததா, விலை விழுந்ததால் குறைந்ததா என்று இனி வாசகரே பார்த்துக்கொள்ளலாம். டீசல் விலை ஏற்றமும் சந்தை இழப்பும் ஒரே மாதிரியான நோயா?

சி.ஓ.டி.எம்.மின் பதவியைச் சொல்ல வேண்டும், லாப அளவை வைத்து அவர் எப்படி முடிவெடுக்கிறார் என்றும் எழுத வேண்டும். ஒரே செக்மென்ட் உள்ள கம்பெனிக்கும் இவை எல்லாம் பொருந்தும். 'இதர' என்ற வரி பெருத்துப் போகாமல் இருக்கிறதா என்பதைத்தான் கண்காணிக்க வேண்டும். 90 இருக்க வேண்டிய இடத்தில் 400 இருந்தால் இருட்டறைக்குக் கதவு மட்டும் மாறியிருக்கிறது.

இது இந்தியாவுக்குப் பொருந்துமா?

நேரடியாக இல்லை. நம் இன்ட் ஏஎஸ் 108 சர்வதேசத் தரத்தின் வழி வந்தது. ஆனால் அங்கேயும் ஓர் அசைவு உண்டு. 2024 ஜூலையில், தரங்களுக்கு விளக்கம் சொல்லும் சர்வதேச விளக்கக் குழு ஒரு முடிவு சொன்னது. தரத்தின் 23ஆம் பத்தியில் பட்டியலிட்ட வட்டி, தேய்மானம் போன்ற இனங்கள் செக்மென்ட் லாபத்துக்குள் அடங்கியிருந்தால், சி.ஓ.டி.எம். அவற்றைத் தனியாகப் பார்க்காவிட்டாலும் காட்ட வேண்டும். "அவர் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை" என்று பல இடங்களில் சொல்லி வந்த பதில் இனி நிற்காது. தரத்தின் சொற்கள் நமக்கும் ஒன்றே என்பதால் நம் ஆடிட்டர்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் செபி விதிப்படி காலாண்டு முடிவுகளோடு செக்மென்ட் எண்களைத் தருவது நமக்குள்ள நல்ல வசதி.

'எங்களுக்கு ஒரே செக்மென்ட்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால்?

முடிக்க முடியாது. பொருள்வாரி வருமானம், உள்நாடு வெளிநாடு வருமானம், கட்டடம், இயந்திரம் போன்ற நடப்பல்லாத சொத்துகள் எங்கே இருக்கின்றன, 10 சதவீதத்துக்கு மேல் வாங்கும் வாடிக்கையாளர் உண்டா என்பவற்றை ஒரே செக்மென்ட் கம்பெனியும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், தொகை வேண்டும். ஒரே வாடிக்கையாளர் 62 சதவீதம் வாங்குகிறார் என்றால் அதுதான் அந்தக் கம்பெனியைப் பற்றி நீங்கள் படிக்க வேண்டிய முதல் வரி.

சாதாரண முதலீட்டாளர் எதைப் பார்ப்பது?

செக்மென்ட் நோட்டை முதலீட்டாளர் விளக்கக் கோப்போடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விளக்கக் கோப்பில் ஆறு தொழில், நோட்டில் இரண்டு என்றால் குறித்துக்கொள்ளுங்கள். எந்த செக்மென்டிலும் சேர்க்காமல் விட்ட 'ஒதுக்கப்படாத செலவு' வருடாவருடம் ஏறுகிறதா என்று பாருங்கள். செக்மென்டுகள் அழகாக இருக்க, அசிங்கம் அங்கே போய்ச் சேரும். பழைய ஆண்டறிக்கைகளைத் தரவிறக்கி வைத்திருங்கள். பிரிப்பு மாறும்போது அறுந்த போக்கை ஒட்ட அவை மட்டுமே உதவும்.

கருத்துக் கேட்கும்போது நாம் எழுதினால் படிப்பார்களா?

படிப்பார்கள். சர்வதேச வாரியத்துக்கு வரும் கடிதங்கள் இணையத்தில் பொதுவில் இருக்கும், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகமும் வரைவுகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. நீளமாக எழுத வேண்டியதில்லை. ஒரு கம்பெனியின் செக்மென்ட் நோட்டை இணைத்து, இதை வைத்து நான் கணக்கிட நினைத்தது இது, எந்த எண் இல்லாததால் முடியவில்லை என்று இரண்டு பத்தி போதும். கம்பெனிகளின் கடிதங்களில் செலவு எவ்வளவு என்று எழுதியிருக்கும். பலன் என்ன என்று எழுத வேண்டியவர் அதைப் பயன்படுத்துபவர், அந்தப் பக்கத்திலிருந்து போகும் கடிதங்கள் மிகவும் குறைவு.